கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் அந்த அலமாரி: கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

சில்லறை வணிகர் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும், சிறு கடையோ பெரிய சங்கிலிக் கடையோ நடத்தும் எல்லோருக்கும்,

வணக்கம்.

புகையிலையைப் பற்றி யாராவது மடல் எழுதினால் அது அரசாங்கத்துக்குப் போகும், இல்லையென்றால் சிகரெட் கம்பெனிக்குப் போகும். உங்களுக்கு எழுதுகிறவர்கள் குறைவு. எழுதினாலும் திட்டித்தான் எழுதுவார்கள். இது திட்டுவதற்கான மடல் இல்லை. புகைப்பழக்கத்தை விட நினைப்பவர்களோடு உட்கார்ந்து பேசுவது என் வேலை. ஆலோசகர் என்று பெயர்ப்பலகையில் இருக்கும். உண்மையில் பெரும்பாலான நேரம் காது கொடுத்துக் கேட்பதுதான் நடக்கிறது. அப்படிக் கேட்டதில், மீண்டும் புகைக்கத் தொடங்கியவர்களின் கதைகளில் திரும்பத் திரும்ப வரும் ஓர் இடம் உங்கள் கடையின் கல்லா. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

"பேட்டரி வாங்கத்தான் போனேன்" என்பார் ஒருவர். "போனுக்கு ரீசார்ஜ் பண்ணப் போனேன், மீதிச் சில்லறை வாங்கக் கை நீட்டும்போது பின்னாடி அந்த பாக்கெட் தெரிந்தது" என்பார் இன்னொருவர். இவர்கள் வீட்டிலிருந்த சாம்பல் கிண்ணத்தைத் தூக்கிப் போட்டவர்கள். சேர்ந்து புகைக்கும் நண்பர்களைச் சில வாரம் தவிர்த்தவர்கள். வேலையிடத்தில் புகைப்பவர்கள் கூடும் மூலைப் பக்கம் போகாமல் இருந்தவர்கள். ஆனால் கடைக்குப் போகாமல் யாராலும் இருக்க முடியாதே!

நிகோடினுக்கான ஏக்கம் நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. அலை மாதிரி எழும், சில நிமிடங்களில் தானாகவே தணியும். அந்தச் சில நிமிடங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் சிகரெட் இல்லாவிட்டால் போதும், பெரும்பாலும் தப்பித்துவிடலாம். நாங்கள் சொல்லிக் கொடுப்பதில் பாதி இதுதான்: தண்ணீர் குடியுங்கள், கொஞ்சம் நடங்கள், யாருக்காவது போன் செய்யுங்கள், நேரத்தைக் கடத்துங்கள். இந்த ஏற்பாடு முழுவதும் உடைகிற இடம், பணம் கொடுக்க வரிசையில் நிற்கும் அந்த ஒரு நிமிடம். கண்ணுக்கு நேரே சுவர் நிறைய பாக்கெட்டுகள், கையில் ஏற்கெனவே எடுத்த பணம், எதிரே எடுத்துத் தரத் தயாராக ஒருவர். பலவீனமான ஒரு மனத்தைச் சோதிக்க இதைவிடக் கச்சிதமான இடத்தை யாராலும் வடிவமைக்க முடியாது. அது தற்செயலாக அமைந்ததும் இல்லை.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் எடுத்த ஒரு கருத்தாய்வு 2008இல் வெளியானது. கடைகளில் அடுக்கி வைத்த பாக்கெட்டுகளைப் பார்த்ததால், வாங்கும் எண்ணமே இல்லாமல் போயும் சில நேரமாவது சிகரெட் வாங்கியிருக்கிறோம் என்று புகைப்பவர்களில் நான்கில் ஒருவர் சொன்னார். அதற்கு முந்தைய 12 மாதங்களில் பழக்கத்தை விட முயன்றவர்களிடம் கேட்டபோது, 38 சதவீதம் பேர் அந்த அடுக்கைப் பார்த்ததும் வாங்கும் உந்துதல் வந்ததாகச் சொன்னார்கள். பாக்கெட்டுகள் கண்ணில் படாமல் இருந்தால் விடுவது எளிதாக இருக்கும் என்றவர்கள் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கினர். எங்கள் மேசையில் கேட்பதும் இதேதான், எண்கள் மட்டும்தான் எங்களிடம் இல்லை.

இங்கே உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். தினமும் புகைக்கிற உங்கள் வாடிக்கையாளர் கடைக்கு வந்ததும் என்ன செய்கிறார்? சுவரைப் பார்த்து யோசிக்கிறாரா? இல்லை. பெயரைச் சொல்கிறார், பணத்தை வைக்கிறார், வாங்கிக்கொண்டு போகிறார். பலருக்கு வாயைத் திறக்க வேண்டிய அவசியம்கூட இருக்காது. அவருக்கு அந்த அடுக்கு தேவையே இல்லை. பாக்கெட்டை மேசைக்கு அடியில் வைத்திருந்தாலும் அவர் வாங்குவார். அப்படியானால் வெளிச்சம் போட்டு, நிறம் பிரித்து, கண் மட்டத்தில் அடுக்கி வைப்பது யாருக்காக? சிகரெட் வாங்க வராதவர்களுக்காக. இன்னும் தொடங்காத பிள்ளைகளுக்காகவும், விட்டுவிட்டு வந்து நிற்பவர்களுக்காகவும்.

பிள்ளைகள் விஷயத்தையும் பார்ப்போம். கலிபோர்னியாவின் டிரேசி என்ற ஊரில் 11 முதல் 14 வயதுள்ள மாணவர்களை ஓராண்டு பின்தொடர்ந்த ஆய்வு 2010இல் வந்தது. சிகரெட் விளம்பரங்கள் மிகுந்த கடைகளுக்கு வாரம் இரண்டு முறையாவது போன மாணவர்களில் 29 சதவீதம் பேர் அந்த ஓராண்டுக்குள் முதல் சிகரெட்டைத் தொட்டிருந்தார்கள். அத்தகைய கடைகளுக்கு மிக அரிதாகவே போனவர்களில் அது 9 சதவீதம்தான். அங்கே யாரும் அவர்களுக்குச் சிகரெட் விற்றார்கள் என்று சொல்ல வரவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்கள், அவ்வளவுதான்.

பார்ப்பது என்ன செய்யும் என்பதற்கு அயர்லாந்தின் அனுபவம் இன்னும் தெளிவானது. அங்கே 2009 ஜூலையில் கடைகளில் புகையிலைப் பொருட்களைப் பார்வைக்கு வைப்பது தடை செய்யப்பட்டது. தடைக்கு முன்பு, கடையில் சிகரெட் அடுக்கைப் பார்த்த நினைவு இருப்பதாகச் சொன்ன பதின்வயதினர் 81 சதவீதம். தடைக்குப் பின் 22 சதவீதம். அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொரு மாற்றம். தங்கள் வயதுப் பிள்ளைகளில் ஐந்தில் ஒருவருக்கு மேல் புகைக்கிறார்கள் என்று நம்பிய பதின்வயதினரின் பங்கு 62 சதவீதத்திலிருந்து 46 சதவீதமாகக் குறைந்தது. அதாவது, "எல்லோரும்தான் பிடிக்கிறார்கள்" என்ற எண்ணத்தில் ஒரு பகுதியை உருவாக்கிக்கொண்டிருந்தது அந்த அலமாரி. புகைப்பவர்களின் எண்ணிக்கை அந்தக் குறுகிய காலத்தில் பெரிதாகக் குறையவில்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. அதை மறைக்க மாட்டேன். பிள்ளைகளின் மனதில் இருக்கும் படம் மாறி, அது பழக்கமாக மாறுவதற்கு ஆண்டுகள் பிடிக்கும்.

ஐஸ்லாந்து 2001இலேயே அலமாரியை மூடச் சொன்னது. இங்கிலாந்தில் பெரிய கடைகளுக்கு 2012 ஏப்ரலிலும் சிறு கடைகளுக்கு 2015 ஏப்ரலிலும் இந்த விதி வந்தது. ஒவ்வொரு முறையும் வணிகர் தரப்பிலிருந்து ஒரே அச்சங்கள்தான் எழுந்தன: விற்பனை சரியும், செலவு தாங்காது, தேடி எடுக்க நேரமாகும், முதுகு காட்டி நிற்கும்போது திருட்டு நடக்கும். அயர்லாந்தில் விற்பனைக் கணக்கை எடுத்துப் பார்த்தவர்கள், தடையால் குறிப்பிடத்தக்க சரிவு இல்லை என்றே கண்டார்கள். கடைகள் மூடவில்லை. ஒரு கதவோ திரையோ போட்டார்கள், வேலையாட்கள் சில நாளில் பழகிவிட்டார்கள்.

"விற்பனை சரியவில்லை என்றால் பிறகு என்ன பிரயோஜனம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தினமும் புகைப்பவர் மறுநாளே விட்டுவிடப் போவதில்லை, உங்கள் வருமானமும் மறுநாளே போகப் போவதில்லை. குறைவது மெதுவாக, ஆண்டுக்கணக்கில், புதிதாகச் சேருபவர்கள் குறைவதால் நடக்கும். உங்களுக்கும் மாற்று வியாபாரத்தைத் தேட அவகாசம் கிடைக்கும். ஒரு கடைக்காரருக்கு இதைவிட இதமான மாற்றம் எதுவும் இருக்குமா என்று எனக்குத் தோன்றவில்லை.

சட்டம் இருக்கும் இடங்களில் சட்டத்தைப் பின்பற்றுகிறீர்கள், சரி. சட்டம் இல்லாத இடத்தில் இருப்பவர்களிடம்தான் என் முதல் கோரிக்கை: அந்த அலமாரியை நீங்களாகவே மூடுங்கள். விற்பதை நிறுத்தச் சொல்லவில்லை. கேட்டால் எடுத்துக் கொடுங்கள், கேட்காதவருக்குக் காட்டாதீர்கள்.

இதில் ஒரு சிக்கல் இருப்பது எனக்குத் தெரியும். அந்த ஸ்டாண்ட் பல கடைகளில் உங்களுடையது இல்லை. கம்பெனி கொண்டுவந்து வைத்தது. விளக்கு, பெயர்ப்பலகை, சில நேரம் கடைக்குப் பெயின்ட் அடித்துக் கொடுப்பதுகூட அவர்கள் செலவு. மாதாமாதம் இடத்துக்கான பணமோ, குறிப்பிட்ட அளவு எடுத்தால் தள்ளுபடியோ வரும். அமெரிக்காவில் கம்பெனிகள் சிகரெட் சந்தைப்படுத்தலுக்கு 2022இல் செலவிட்டது சுமார் 800 கோடி டாலர். அதில் மிகப் பெரிய பகுதி, விலையைக் குறைத்து வைக்க சில்லறை, மொத்த வியாபாரிகளுக்குக் கொடுத்த தள்ளுபடி. பல நாடுகளில் தொலைக்காட்சியிலும் பத்திரிகையிலும் சிகரெட் விளம்பரம் தடை செய்யப்பட்ட பிறகு அவர்களுக்கு மிச்சமிருக்கும் விளம்பரப் பலகை உங்கள் கடை. அதற்கு அவர்கள் தரும் வாடகை, அந்த இடத்தின் உண்மையான மதிப்போடு ஒப்பிட்டால் மிகவும் சொற்பம். ஒப்பந்தம் புதுப்பிக்க வரும்போது கையெழுத்துப் போடாமல் இருக்க முடியுமா என்று பாருங்கள். தனியாக ஒரு கடை மறுத்தால் பக்கத்துக் கடைக்கு அந்தச் சலுகை போய்விடும். சங்கமாக மறுத்தால் போக இடம் இருக்காது. சங்கம் என்பதே இதற்குத்தானே?

பணத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் அதைத் தாண்டிக் குதித்துப் பேசுகிறவர்களை நீங்கள் நம்ப மாட்டீர்கள், நம்பவும் வேண்டாம். சிகரெட்டில் ஒரு பாக்கெட்டுக்கு உங்களுக்கு நிற்கும் லாபம் மற்ற பொருட்களைவிடக் குறைவு என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விலையில் பெரும்பகுதி வரியாகவும் கம்பெனிக்கும் போகிறது. ஆனால் அந்தச் சரக்கு முடக்கி வைக்கும் முதலீடு பெரியது, திருட்டு பயமும் அதற்குத்தான் அதிகம். "சிகரெட் வாங்க வருபவர் கூடவே வேறு நாலு பொருள் வாங்குவார்" என்பதுதான் இதற்குப் பதிலாக வழக்கமாகச் சொல்லப்படுவது. உண்மையாக இருக்கலாம். ஆனால் அதைச் சொல்வது பெரும்பாலும் உங்கள் பில் புத்தகமா, கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதியா? ஒரு மாத பில்லை எடுத்து, சிகரெட் இருந்த பில்களில் வேறு என்ன இருந்தது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் வேறு பொருட்களும் இருந்தால் உங்கள் வாதம் வென்றது. எண்ணாமல் அந்த வாதத்தை வைத்துக்கொள்ளாதீர்கள்.

முழுவதுமாக நிறுத்தியவர்களும் உண்டு. அமெரிக்காவில் டார்கெட் என்ற பெரிய சங்கிலிக் கடை 1996லேயே நிறுத்திவிட்டது. சிவிஎஸ் என்ற மருந்துக்கடைச் சங்கிலி 2014 பிப்ரவரியில் அறிவித்து, செப்டம்பரில் தன் 7,600 கடைகளிலும் புகையிலையை எடுத்துவிட்டது. ஆண்டுக்குச் சுமார் 200 கோடி டாலர் வியாபாரம் போகும் என்று தெரிந்தே செய்தார்கள். பிறகு நடந்ததை ஆய்வு செய்தபோது, அந்தக் கடைகளில் மட்டுமே சிகரெட் வாங்கிவந்த வீடுகள் சிகரெட் வாங்குவதையே நிறுத்தும் வாய்ப்பு, மற்ற வீடுகளைவிட 38 சதவீதம் கூடுதலாக இருந்தது. அந்தச் சங்கிலிக்குக் கணிசமான பங்கு இருந்த 13 மாநிலங்களில், எட்டு மாதங்களில் 9.5 கோடி பாக்கெட்டுகள் குறைவாக விற்றன. இது அந்த மாநிலங்களில் எல்லாக் கடைகளையும் சேர்த்த கணக்கு. எதிர்த்த கடையில் போய் வாங்கியிருந்தால் இந்தக் குறைவு வந்திருக்காது.

"நாங்கள் விற்காவிட்டால் அடுத்த கடையில் வாங்குவார்" என்ற வாதத்தை நானும் ஒரு காலத்தில் மறுக்க முடியாததாகவே நினைத்தேன். பின்லாந்தில் 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்னொரு பக்கத்திலிருந்து அதைத் தொட்டது: வீட்டிலிருந்து சிகரெட் விற்கும் கடைக்கான தூரம் அரை கிலோமீட்டர் கூடினாலே, பழக்கத்தை விடுவதற்கான வாய்ப்பு 20 முதல் 60 சதவீதம் வரை கூடியது. அரை கிலோமீட்டர் என்ன பெரிய தூரம்? ஆனால் ஏக்கம் தணிய அந்த நடை போதுமானதாக இருக்கிறது. எல்லோரும் அடுத்த கடைக்குப் போவதில்லை. சிலர் பாதி வழியில் திரும்பிவிடுகிறார்கள், அந்தச் சிலருக்காகத்தான் நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம்.

மருந்துக்கடை வைத்திருப்பவர்களிடம் மட்டும் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். ஒரு கையில் ஆஸ்துமா மருந்தும் இன்னொரு கையில் சிகரெட்டும் கொடுப்பதற்கு எந்தக் கணக்கும் நியாயம் சொல்லாது. நெதர்லாந்தில் 2024 ஜூலை முதல் சூப்பர் மார்க்கெட்டுகளிலேயே புகையிலை விற்க முடியாது. பெரிய சங்கிலிகளும் சட்டத்துக்காகக் காத்திருக்காமல் ஒரு தேதி குறிக்கலாம். சிறு கடைக்காரரிடம் நாளையே நிறுத்துங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரிடம் கேட்பது அலமாரிக் கதவு மட்டும்தான். அப்புறம் வயது.

வயது விஷயத்தில் சட்டம் கிட்டத்தட்ட எல்லா நாடுகளிலும் இருக்கிறது, கடைப்பிடிப்பதுதான் இடத்துக்கு இடம் மாறுகிறது. சிகாகோவுக்கு அருகில் வுட்ரிட்ஜ் என்ற ஊர் 1989இல் ஒரு வேலை செய்தது. சிகரெட் விற்க உரிமம் கட்டாயம், சிறுவர்களை அனுப்பி அவ்வப்போது சோதனை, மீறினால் அபராதம், உரிமம் நிறுத்தம். அதற்கு முன்பு சோதித்தபோது 70 சதவீத முயற்சிகளில் சிறுவர்களுக்குச் சிகரெட் கிடைத்தது. ஒன்றரை ஆண்டில் அது 5 சதவீதத்துக்கும் கீழே போனது. அந்த ஊர்ப் பள்ளி மாணவர்களிடையே புகைப்பது பாதிக்கும் மேலாகக் குறைந்தது. இங்கிலாந்தில் 2007 அக்டோபரில் விற்பனை வயதை 16லிருந்து 18ஆக உயர்த்தியபோது, 16, 17 வயதினரில் புகைப்பவர்கள் 23.7 சதவீதத்திலிருந்து 16.6 சதவீதமாகக் குறைந்தார்கள். இதை நடத்திக் காட்டியது காவல்துறையோ ஆசிரியர்களோ இல்லை. கல்லாவில் நின்றவர்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு கதையையும் சொல்ல வேண்டும். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சிகரெட் கம்பெனிகளின் அமைப்பு, சிறுவர்களுக்கு விற்காதீர்கள் என்று கடைகளுக்கு ஸ்டிக்கர்கள் விநியோகித்தது. ஆய்வாளர்கள் சோதித்தபோது, ஸ்டிக்கர் ஒட்டிய கடைகளும் ஒட்டாத கடைகளும் ஏறத்தாழ ஒரே அளவில் சிறுவர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தன. ஆகவே, வாசலில் ஒரு பலகை மாட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். பலகை கேள்வி கேட்காது. ஆள்தான் கேட்க வேண்டும்.

கேட்பது எளிதில்லை என்பதும் எனக்குத் தெரியும். கல்லாவில் நிற்பவருக்கே பத்தொன்பது வயது இருக்கும், எதிரே நிற்பவன் அவரோடு படித்தவனின் தம்பியாக இருப்பான். அல்லது ஆறடி உயரத்தில், மீசையோடு, முறைத்துக்கொண்டு ஒருவன். அந்த இளம் ஊழியரைத் தனியாக விடாதீர்கள். "முதலாளி உத்தரவு, அடையாள அட்டை பார்க்காமல் கொடுத்தால் என் வேலை போய்விடும்" என்று சொல்ல அவருக்கு அனுமதி கொடுங்கள். பழியை உங்கள் மேல் போட்டுக்கொள்ளுங்கள். பார்ப்பதற்கு இருபத்தைந்துக்குக் கீழே தோன்றும் எல்லோரிடமும் கேட்பது என்று வைத்துக்கொண்டால், யாரிடம் கேட்பது என்ற சங்கடமே இருக்காது. அட்டை இல்லை என்று ஒருவரைத் திருப்பி அனுப்பியதால் விற்பனை போனது என்று அன்றைக்கு முகம் சுளிக்காதீர்கள், ஊழியர்கள் உங்கள் சுற்றறிக்கையைவிட உங்கள் முகத்தைத்தான் படிக்கிறார்கள். "அப்பாவுக்கு வாங்கிட்டு வரச் சொன்னாங்க" என்று வரும் குழந்தையிடம், அப்பாவையே வரச் சொல்லுங்கள். அவர் உங்கள் நல்ல வாடிக்கையாளராக இருந்தாலும்தான்.

ஒற்றை சிகரெட் விற்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2005இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை, தன் 16ஆவது பிரிவில் சிகரெட்டை ஒவ்வொன்றாக விற்பதைத் தடுக்க நாடுகள் முயல வேண்டும் என்கிறது. காரணம் எளிது. ஒன்று வாங்க ஒரு சிறுவனிடம் காசு இருக்கும், பாக்கெட் வாங்க இருக்காது. பாக்கெட்டின் மேலுள்ள எச்சரிக்கைப் படம் ஒற்றை சிகரெட்டில் இல்லை. எங்களிடம் வருபவர்கள் வழுக்கி விழுவதும் "ஒன்றே ஒன்று" என்றுதான். முழு பாக்கெட் வாங்க வேண்டும் என்றால் கை கொஞ்சம் தயங்கும், அந்தத் தயக்கம் அவர்களுக்குப் பெரிய உதவி. அதே பிரிவு மிட்டாய், பொம்மை வடிவில் சிகரெட் விற்பதையும் தடுக்கச் சொல்கிறது. உங்கள் கடையில் அது இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடலாம், யாரும் கவலைப்படப் போவதில்லை. பழச்சுவை போட்ட இ-சிகரெட்டுகளை மிட்டாய்க்கு நடுவில் வைப்பதும் இதே வகைதான், விற்பனைக்கு அனுமதி உள்ள இடங்களிலும்கூட.

இனி, சங்க நிர்வாகிகளுக்கு மட்டும் கொஞ்சம். 2010இல் ஆஸ்திரேலியாவில் சிகரெட் பாக்கெட்டுகளை ஒரே மாதிரி மங்கலான நிறத்தில்தான் விற்க வேண்டும் என்ற சட்டம் பேசப்பட்டபோது, சில்லறை வணிகர்களின் கூட்டணி என்ற பெயரில் ஓர் அமைப்பு திடீரென முளைத்தது. சிறு கடைக்காரர் முகங்களை வைத்து, தேர்தல் நேரத்தில் விளம்பரம் செய்தது. பணம் வந்தது மூன்று பெரிய சிகரெட் கம்பெனிகளிடமிருந்து. அதை நடத்தியதில் கம்பெனிக்காரர்களின் கை எவ்வளவு ஆழமாக இருந்தது என்பது பிறகு கசிந்த மின்னஞ்சல்களில் வெளியே வந்தது. சட்டம் 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. கெட்டுப்போனது கடைக்காரர்களின் பெயர்தான். கம்பெனிகள் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்பதால்தான் உங்கள் வாயால் சொல்ல வைக்கிறார்கள். அடுத்த முறை ஒரு மாநாட்டுக்கு யாராவது ஆதரவு தர வந்தால், கையெழுத்துக்காக மனு தயாராக வந்தால், அதை எழுதியது யார் என்று முதலில் கேளுங்கள்.

கள்ளச் சந்தையைப் பற்றி நீங்கள் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. வரி கட்டி, வயது கேட்டு, நேர்மையாக விற்பவருக்குப் பக்கத்திலேயே எதையும் கட்டாமல், யாருக்கும் விற்பவர் இருப்பது அநியாயம். ஆனால் அதற்கு மருந்து விதிகளைத் தளர்த்துவது இல்லை. விற்பனை உரிமம், சரக்கு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கும் குறியீடு, உரிமம் இல்லாதவர் மேல் நடவடிக்கை ஆகியவற்றைக் கேளுங்கள். கள்ள வணிகத்துக்கு எதிராகவே தனியாக ஒரு சர்வதேச நெறிமுறை 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் நாடு அதில் சேர்ந்திருக்கிறதா என்று அரசிடம் கேட்பது, சங்கங்கள் செய்யக்கூடிய நல்ல வேலை. உரிம முறை வந்தால் முதலில் பயனடைவது நேர்மையான கடைக்காரர்.

எங்களிடம் வருபவர்கள் சொன்னதில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஸ்டாண்டும் சட்டமும் இல்லை. கடைக்காரரின் பிரியம். ஒருவர் பல வருடம் ஒரே கடையில் வாங்குகிறார். அவர் தூரத்தில் வருவதைப் பார்த்ததுமே கடைக்காரர் அவருடைய பாக்கெட்டை எடுத்து மேசைமேல் வைத்துவிடுவார். அது வியாபாரம் மட்டும் இல்லை, உன்னை எனக்குத் தெரியும் என்று சொல்லும் வழி. பழக்கத்தை விட்ட பிறகு அந்த மனிதர் கடைக்குப் போகும்போது, கேட்காமலேயே பாக்கெட் மேசைக்கு வந்துவிடுகிறது. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வர மாட்டேன் என்கிறது. பிரியமாக எடுத்து வைத்ததை எப்படித் திருப்பித் தருவது? வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார். இதைச் சொல்லும்போது யாருமே கடைக்காரரைக் குறை சொல்வதில்லை. தங்களைத்தான் நொந்துகொள்கிறார்கள்.

உங்களுக்கு அவர்களை நன்றாகத் தெரியும் என்பதுதான் இதில் உள்ள பலம். ஒருவர் சில நாளாகச் சிகரெட் கேட்கவில்லை என்பதை அவர் வீட்டாருக்கு முன்பே நீங்கள் கவனித்திருப்பீர்கள். அப்போது எடுத்து வைக்காதீர்கள். கேட்கும்வரை காத்திருங்கள். "விட்டுட்டேன்" என்று அவராகச் சொன்னால், ஒரு வார்த்தை சந்தோஷப்படுங்கள், போதும். பிறகு ஒரு நாள் வந்து கேட்டால் என்ன செய்வது என்று ஒரு கடைக்காரர் என்னிடம் கேட்டார். "விட்டுட்டேன்னு சொன்னீங்களே, கொடுக்கட்டுமா?" என்று ஒரு தடவை கேட்டால் போதும் என்றேன். மறுக்க வேண்டாம், அவர் வயது வந்தவர், முடிவு அவருடையது. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆகும் சில விநாடிகள் அவருக்குத் தேவைப்படுபவை.

அறிவுரை மட்டும் வேண்டவே வேண்டாம். நுரையீரலைப் பற்றி, குடும்பத்தைப் பற்றி, பணத்தைக் கரியாக்குவதைப் பற்றி அவர்கள் கேட்காத பேச்சே இல்லை. உங்களிடமும் கேட்டால் கடை மாறிவிடுவார்கள், அதனால் யாருக்கும் லாபமில்லை. நிகோடின் பேட்ச், நிகோடின் சூயிங்கம் விற்க உங்களுக்கு அனுமதி இருந்தால், அவற்றை மூலையில் தூசி படிய வைக்காமல், இப்போது சிகரெட் இருக்கும் இடத்துக்குக் கொண்டு வாருங்கள். இவற்றைப் பயன்படுத்தினால் விடுவதில் வெற்றி பெறும் வாய்ப்பு ஒன்றரை மடங்கு அளவுக்குக் கூடும் என்று பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். உங்கள் பகுதியில் பழக்கத்தை விட உதவும் தொலைபேசி எண் இருந்தால், பில்லின் அடியில் அச்சடிக்க ஒரு வரி போதும். பில்லைப் பர்ஸில் வைத்துக்கொண்டு போய் இரவில் எடுத்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆண்டுக்கு 70 லட்சம் பேருக்கு மேல் புகையிலையால் இறக்கிறார்கள், அதில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தாங்கள் புகைக்காமலேயே அடுத்தவர் புகையால் இறப்பவர்கள். இவ்வளவு பெரிய எண்ணைச் சொல்லி உங்கள் தோளில் ஏற்றுவது நியாயமில்லை. உங்கள் வியாபார மொழியிலேயே சொல்கிறேன். பிரிட்டிஷ் மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2004இல் முடிவுகளை வெளியிட்ட ஆய்வின்படி, வாழ்நாள் முழுக்கப் புகைப்பவர் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார். அதாவது, உங்கள் நிரந்தர வாடிக்கையாளர் பத்து ஆண்டுகள் குறைவாக உங்கள் கடைக்கு வருவார். 40 வயதில் விட்டால் அதில் ஒன்பது ஆண்டுகள் திரும்பக் கிடைக்கும், 60 வயதில் விட்டாலும் மூன்று. கொஞ்சம் குரூரமான கணக்குதான், ஆனாலும் கணக்கு சரிதான்.

உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் மூன்று பொருளை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்: கம்பெனி ஸ்டாண்ட் ஒப்பந்தங்களைச் சேர்ந்து மறுப்பது, கல்லா ஊழியர்களுக்கு வயது கேட்கும் பயிற்சி, சிகரெட் கம்பெனிகளிடம் சங்கம் பணம் வாங்குவதில்லை என்ற தீர்மானம். மூன்றும் ஒரே நாளில் நிறைவேறாது என்று தெரியும். பயிற்சியிலிருந்து தொடங்கலாம், அதற்கு யாருடைய எதிர்ப்பும் இருக்காது. கடை மூடிய பிறகு ஒரு மணி நேரம் ஊழியர்களோடு உட்கார நானும் என்னோடு வேலை செய்பவர்களும் தயார், கட்டணம் எதுவும் இல்லை. எங்களிடம் வந்து பழக்கத்தை விட்டவர்களில் இருவர் மூவர், கல்லாவின் மறுபக்கத்தில் நின்ற அனுபவத்தைச் சொல்ல வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தேதியை நீங்கள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
புகைப்பதை விட முயல்பவர்களோடு வேலை செய்யும் ஓர் ஆலோசகர்